தலைக்காயத்துக்கு ஒரு கணக்கு வேண்டும்

இந்தியச் சாலைகளில் 2023ஆம் ஆண்டில் 1,72,890 பேர் உயிரிழந்தனர்; 4,62,825 பேர் காயமடைந்தனர். மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கை தரும் கணக்கு இது. கடைசி இலக்கம் வரை எண்ணப்பட்டிருக்கிறது. எந்த மாநிலத்தில் எத்தனை விபத்துகள், எத்தனை பேர் தலைக்கவசம் அணியவில்லை, எத்தனை விபத்துகளுக்கு அதிவேகம் காரணம் என்பதெல்லாம் அட்டவணை அட்டவணையாக அதில் உண்டு.

ஆனால், காயமடைந்த அந்த நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் மூளையில் அடிபட்டவர்கள் எத்தனை பேர்? விபத்து நடந்து எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு அவர்கள் மூளை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையை அடைந்தார்கள்? ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் மீண்டும் வேலைக்குச் சென்றார்கள், எத்தனை பேர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு நாடு தழுவிய விடை தில்லியில் எந்த அமைச்சகத்திடமும் இல்லை.

விடை இல்லாத இடத்தில் மதிப்பீடு வந்து அமர்ந்துகொள்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் 15 முதல் 20 லட்சம் பேர் தலைக்காயம் அடைகின்றனர் என்றும், 10 லட்சம் பேர் இறக்கின்றனர் என்றும் 2002இல் வெளியான ஒரு மதிப்பீடு இன்றளவும் மருத்துவக் கட்டுரைகளிலும் கருத்தரங்க உரைகளிலும் எடுத்தாளப்படுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையோ வேறு கதை சொல்கிறது. 2022இல் அனைத்து வகை விபத்துகளிலும் இறந்தவர்கள் 4,30,504 பேர். தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். இரண்டையும் கூட்டினால் ஆறு லட்சத்தைச் சற்றே தாண்டும். கொலைகளைச் சேர்த்தாலும் இந்த எண் பெரிதாக மாறிவிடாது. அப்படியிருக்க, தலைக்காயத்தால் மட்டும் 10 லட்சம் மரணங்கள் எப்படிச் சாத்தியம்? காவல்துறையின் கணக்கு குறைவா, மருத்துவர்களின் மதிப்பீடு மிகையா? தீர்ப்பளிக்க வேண்டிய சான்று மருத்துவமனைகளில்தான் இருக்க வேண்டும். அங்கே அது ஒழுங்காக எழுதி வைக்கப்படவில்லை என்பதே பிரச்னை.

இது புள்ளிவிவர நிபுணர்களின் கவலை மட்டுமல்ல. ஒரு நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் இதில் அடங்கியிருக்கிறது.

மேற்கு உத்தரப் பிரதேசத்தின் கிராமச் சாலை ஒன்றில் இரவு 9 மணிக்கு மோட்டார் சைக்கிளில் சென்ற 24 வயது இளைஞர் மீது லாரி மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அருகில் உள்ள சமுதாய சுகாதார நிலையத்தில் முதலுதவி தரப்படுகிறது. அங்கே கொடுக்கப்படும் துண்டுச் சீட்டில் "அரை மயக்கம்" என்று மட்டும் எழுதப்படுகிறது. மாவட்ட மருத்துவமனையில் "ஜி.சி.எஸ். 9" என்று குறிக்கிறார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தது என்ற குறிப்பு இல்லை. நள்ளிரவு தாண்டி தில்லிக்கு வரும்போது அவருக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டு, தொண்டையில் செயற்கைச் சுவாசக் குழாய் செருகப்பட்டிருக்கிறது. அந்நிலையில் அவரது நினைவு நிலையை எப்படி அளப்பது? ஒரு மருத்துவர் 3 என்று எழுதுவார். இன்னொருவர் மருந்தின் தாக்கத்தைக் கழித்து ஊகமாக 7 என்பார். மூன்றாமவர் இடத்தை வெறுமையாக விடுவார்.

இரண்டு வாரத்துக்குப் பின் குடும்பத்தார் அவரை ஊருக்கு அழைத்துச் செல்கிறார்கள். வெளியேற்றச் சீட்டில் "நிலை: சீர்" என்றிருக்கிறது. அவர் தாயை அடையாளம் கண்டுகொள்கிறாரா, தானாக உணவு உண்கிறாரா, மறுபடியும் வேலைக்குப் போனாரா என்பதை அதன் பின் யாரும் கேட்பதில்லை. மருத்துவமனையின் ஏடுகளில் அவர் குணமடைந்தவர். வீட்டில் அவருடைய நிலை என்ன என்பது அவருடைய தாய்க்கு மட்டுமே தெரியும்.

தலைக்காயத்தின் கடுமையை அளக்கும் கருவி உலகுக்குப் புதிதல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் ஆகிய இரு மருத்துவர்கள் 1974இல் உருவாக்கிய அளவுகோல்தான் இன்று உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண்கள். முழு விழிப்பில் இருப்பவருக்கு 15. எதற்கும் அசையாதவருக்கு 3. எட்டும் அதற்குக் கீழும் கடும் காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 13 முதல் 15 வரை இலேசான காயம் என்று கொள்கிறார்கள். இதை அளக்க எந்த இயந்திரமும் தேவையில்லை. ஒரு செவிலியரும் ஒரு கடிகாரமும் போதும்.

ஆயினும் அளவுகோல் ஒன்றாக இருப்பதால் மட்டும் அளவு ஒன்றாகிவிடுவதில்லை. கண் 2, பேச்சு 2, அசைவு 5 என்றாலும் கூட்டுத்தொகை 9தான். கண் 4, பேச்சு 1, அசைவு 4 என்றாலும் 9தான். இந்த இருவரின் எதிர்காலமும் ஒன்றல்ல. பிழைக்கும் வாய்ப்பைக் கணிப்பதில் அசைவு மதிப்பெண்ணுக்குத் தனி இடம் உண்டு. கூட்டுத்தொகையை மட்டும் எழுதும்போது அது தொலைந்துபோகிறது. நேரமும் அப்படித்தான். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையில் ரத்தம் கட்டிக்கொள்ளும் நோயாளி, விபத்துக்குப் பின் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சில மணி நேரத்தில் மயக்கத்தில் ஆழ்வதுண்டு. இரவு 10 மணிக்கு 14 இருந்தது, 12 மணிக்கு 9 ஆகிவிட்டது என்று இரண்டு நேரங்களில் குறிக்கப்பட்டிருந்தால் அறுவை சிகிச்சை அரங்கு உடனே திறக்கும். நேரமில்லாத எண் யாரையும் விரைவுபடுத்தாது.

நினைவு நிலையைப் போலவே, கண்பாவைகள் வெளிச்சத்துக்குச் சுருங்குகின்றனவா என்பதும், ரத்த அழுத்தமும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் முக்கியம். அமெரிக்காவில் 1980களில் திரட்டப்பட்ட மூளைக்காயத் தரவுத் தொகுப்பை ஆராய்ந்தவர்கள் 1993இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். கடும் தலைக்காயம் அடைந்தவரின் மேல்நிலை ரத்த அழுத்தம் ஒரே ஒரு முறை 90க்குக் கீழே இறங்கினாலும், மரணத்தின் அளவு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பதே அது. அதாவது, மூளை அறுவை நிபுணர் நோயாளியைத் தொடுவதற்கு முன்பே, ஆம்புலன்சிலும் மாவட்ட மருத்துவமனையிலும் பாதி விதி எழுதப்பட்டுவிடுகிறது. அந்த இரண்டு இடங்களில் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று நமது ஏடுகளில் தேடினால் பெரும்பாலும் வெற்றிடமே கிடைக்கும்.

சரியாக எண்ணாததன் விலை என்ன என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. தலையில் அடிபட்டவர்களுக்கு மூளை வீக்கத்தைக் குறைப்பதாகக் கருதி 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்டீராய்டு மருந்துகள் கொடுக்கப்பட்டு வந்தன. கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்கள். 1999இல் தொடங்கிய 'கிராஷ்' என்னும் பன்னாட்டு ஆய்வு, 49 நாடுகளில் 10,008 நோயாளிகளை ஒரே சீரான, ஒரு பக்க அளவிலான எளிய படிவத்தில் பதிவு செய்தது. 2004இல் முடிவு வெளியானது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். காப்பாற்றும் என்று நம்பிய மருந்து உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்தது. ஒரு மருத்துவமனை தன் 50 நோயாளிகளை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு எந்நாளும் கண்ணில் பட்டிருக்காது. பல்லாயிரம் பேரைப் பற்றிய செய்தி ஒரே மொழியில் எழுதப்பட்டதால்தான் உண்மை வெளிப்பட்டது.

மேலை நாடுகளும் இதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. முன்னர் நடந்த 11 ஆய்வுகளின் 9,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்க்க 2003இல் 'இம்பாக்ட்' என்ற முயற்சி தொடங்கியபோது, ஒரே செய்தியை ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு விதமாகக் குறித்திருந்தது தெரியவந்தது. அவற்றைப் பொதுவான வடிவத்துக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாக முடிந்தது. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 'பொதுத் தரவுக் கூறுகள்' என்ற கருத்து. எதை, எப்போது, எந்த அலகில், எந்தச் சொல்லால் பதிவு செய்வது என்பதற்கான ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியல் அது. அமெரிக்க அரசு அமைப்புகள் 2010இல் தலைக்காயத்துக்கான முதல் பட்டியலை வெளியிட்டன. எளிய மருத்துவமனைக்கு அடிப்படை நிலை, வசதியுள்ள இடத்துக்கு அடுத்த நிலை, ஆராய்ச்சிக் கூடத்துக்கு உயர்நிலை என மூன்று அடுக்காக அது அமைக்கப்பட்டது. அதன் அடிப்படையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவுடன் 2014 முதல் 2017 வரை 18 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்ட நோயாளிகள் விரிவாகப் பதிவு செய்யப்பட்டார்கள்.

இந்தியாவில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது அநீதி. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் நோய்ப்பரவலியல் துறை பல ஆண்டுகளாக இத்துறையில் உழைத்திருக்கிறது. தலைக்காயங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் சாலை விபத்துகளாலும், 20 முதல் 25 சதவீதம் உயரத்திலிருந்து விழுவதாலும், 10 சதவீதம் வன்முறையாலும் ஏற்படுகின்றன என்று நாம் இன்று சொல்வது அங்கு நடந்த ஆய்வுகளைக் கொண்டுதான். 2013 முதல் 2015 வரை மும்பை, தில்லி, கொல்கத்தா நகரங்களின் நான்கு பொது மருத்துவமனைகளில் ஏறத்தாழ 16,000 காயமடைந்தோரின் விவரங்கள் ஒரே படிவத்தில் திரட்டப்பட்டன. தமிழ்நாட்டில் விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சித் திட்டம் வந்த பின், அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனத் தரம்பிரித்துப் பதியும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத் தளம் 2021 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் காயக் கண்காணிப்புக்கென மத்திய அரசின் மையம் ஒன்றும் உள்ளது.

குறை இதுதான்: இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஆய்வுகள் நிதி இருக்கும்வரை நடக்கின்றன. நிதி முடிந்ததும் படிவமும் அலமாரிக்குள் போய்விடுகிறது. காவல்துறையின் தளம் விபத்து நடந்த இடத்தையும் வண்டியையும் அறியும், மூளையை அறியாது. மருத்துவமனையின் ஏடு மூளையை அறியும், விபத்தை அறியாது.

காவல்துறைக் கணக்கை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நமது ஆண்டறிக்கைகளில் 'கொடுங்காயம்' என்ற சொல் சட்டத்திலிருந்து வந்தது, மருத்துவத்திலிருந்து வந்ததல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆவது பிரிவும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆவது பிரிவும் எலும்பு முறிவையோ பல் உடைவதையோ கொடுங்காயம் என்கின்றன. உயிருக்கு ஆபத்தான காயத்தையும் கொடுங்காயம் என்றே சொல்கின்றன. எனவே சுண்டுவிரல் முறிந்தவரும், மூன்று மாதம் நினைவிழந்து கிடப்பவரும் ஒரே கட்டத்தில் எண்ணப்படுகிறார்கள். நீதிமன்றத்துக்கு இது போதும். மருத்துவமனையில் எத்தனை தீவிர சிகிச்சைக் கட்டில்கள் வேண்டும் என்று திட்டமிடுபவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

மேலும், சாலைக்கு வெளியே நடப்பது காவல்துறையின் சாலைக் கணக்கில் வருவதேயில்லை. மொட்டைமாடியிலிருந்து விழும் குழந்தை, குளியலறையில் வழுக்கி விழும் முதியவர், சாரத்திலிருந்து விழும் கட்டடத் தொழிலாளி, கணவனின் அடியில் சுவரில் மோதிய பெண் ஆகியோரின் தலைக்காயம் எந்த அமைச்சகத்தின் ஆண்டறிக்கையிலும் தனித்துத் தெரிவதில்லை. கைப்பிடிச் சுவரின் உயரத்தை உயர்த்த வேண்டும் என்றோ, கட்டுமான இடங்களில் பாதுகாப்புக் கயிறு கட்டாயம் என்றோ வாதிடுபவரிடம் காட்ட எண் எதுவும் இல்லாததால் அந்த வாதம் ஆண்டுக்கணக்கில் கோப்பிலேயே உறங்குகிறது.

மரணச் சான்றிதழும் கைகொடுப்பதில்லை. 2020இல் நாட்டில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவர் காரணம் கூறிச் சான்றளித்திருந்தார். பிழைத்தவர்களுக்கும் இதே நிலைதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் தலைக்காயம் என்ற தனி வகை இல்லை. கை கால் செயலிழந்தவர் அந்த வகையில் சான்றிதழ் பெறலாம். நடக்கவும் பேசவும் முடிந்தும் நினைவாற்றலும் நிதானமும் சிதைந்து வேலையை இழந்தவர் எந்தக் கதவைத் தட்டுவார்? அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்திருந்தால் சட்டம் இயற்றியவர்களுக்கு அவர்களை மறப்பது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

இப்போது ஒரு வாய்ப்பு வாய்த்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, சாலைப் பாதுகாப்பில் பல உத்தரவுகளுக்குக் காரணமாக இருந்துவருகிறது. அதே வழக்கில் 2025 ஜனவரி 8 அன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 162ஆவது பிரிவின்படி விபத்தில் சிக்கியவர்களுக்குக் கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தை வகுக்குமாறு மத்திய அரசுக்கு நீதிமன்றம் கெடு விதித்தது. அதன் விளைவாக 2025 மே 5 அன்று திட்டம் அறிவிக்கை செய்யப்பட்டது. விபத்தில் காயமடைந்த ஒருவருக்கு ஏழு நாள்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்க அது வழிசெய்கிறது. தமிழ்நாடு 2021 டிசம்பரிலேயே 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற பெயரில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு இத்தகைய ஏற்பாட்டைச் செய்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மத்தியத் திட்டத்தின் சிறப்பு, காவல்துறையின் விபத்து அறிக்கைத் தளத்தையும் மருத்துவமனைக் கட்டணங்களைத் தீர்க்கும் தேசிய சுகாதார ஆணையத்தின் தளத்தையும் அது இணைக்கிறது என்பதே. இதுவரை தனித்தனியே ஓடிய இரண்டு ஆறுகள் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஆனால் கட்டணக் கோரிக்கை என்பது அடிப்படையில் பணக்கணக்கு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று அது கேட்கும். நோயாளி எந்த நிலையில் வந்தார், எந்த நிலையில் போனார் என்று அது தானாகக் கேட்காது. கேட்க வைப்பது அரசின் பொறுப்பு.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. வயது, பாலினம், காயம் ஏற்பட்ட விதம், தலைக்கவசமோ இருக்கைப் பட்டையோ அணிந்திருந்தாரா, விபத்து நேரம், முதல் மருத்துவமனையை அடைந்த நேரம், இறுதி மருத்துவமனையை அடைந்த நேரம், கிளாஸ்கோ அளவின் மூன்று கூறுகளும் தனித்தனியாக, பார்த்த நேரத்துடன், மயக்க மருந்தோ சுவாசக் குழாயோ இருந்தால் அதற்கான குறியீடு, இரு கண்பாவைகளின் நிலை, முதலில் பார்த்த ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும், சி.டி. ஸ்கேன் எடுத்த நேரமும் அதில் கண்டதும், பிற காயங்கள், அறுவை சிகிச்சை நடந்ததா, எப்போது, வெளியேறியபோது இருந்த நிலை, மருத்துவரின் அறிவுரைக்கு மாறாக வெளியேறினாரா, ஆறு மாதத்துக்குப் பின் இருக்கும் நிலை. இவ்வளவுதான். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

கடைசியாகச் சொன்ன ஆறு மாத நிலைதான் கடினமானது. அதுவே உண்மையான தேர்வும்கூட. 1975 முதல் வழக்கத்தில் உள்ள கிளாஸ்கோ விளைவு அளவுகோல் மரணம், உணர்வற்ற நிலை, கடும் முடக்கம், நடுத்தர முடக்கம், நல்ல மீட்சி என ஐந்து நிலைகளைச் சொல்கிறது. வகுத்துரைக்கப்பட்ட கேள்விகளைக் கொண்டு தொலைபேசியிலேயே இதை அறியலாம். பிகாருக்கும் புந்தேல்கண்டுக்கும் திரும்பிவிட்ட நோயாளியைத் தில்லிக்கு வரவழைக்க வேண்டியதில்லை. அவருடைய வீட்டில் இன்று கைப்பேசி இருக்கிறது. அழைப்பதற்கு ஓர் ஊழியர்தான் இல்லை.

எதிர்ப்புகள் எழும். முதலாவது, மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பது. இது நியாயமான எதிர்ப்பு. ஒரே இரவில் பத்துப் பதினைந்து தலைக்காயங்களைப் பார்க்கும் இளம் மருத்துவரிடம் மேலும் ஒரு படிவத்தை நீட்டினால் விடியற்காலையில் எல்லாக் கட்டங்களிலும் '15' என்று நிரப்பிக் கொடுப்பார். பொய்யான தரவு, தரவே இல்லாததைவிடத் தீங்கானது. நான்கு நகர மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் இதற்கெனப் பயிற்சி பெற்ற தனி ஊழியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவ்வாறே பெரிய மருத்துவமனைகளில் ஒரு பணிமுறைக்கு ஒருவர் வேண்டும். அவருடைய சம்பளத்தைத் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும். கட்டடத்துக்கும் சி.டி. ஸ்கேன் இயந்திரத்துக்கும் கோடிகளை ஒதுக்கும் அரசு, அவற்றால் யார் பிழைத்தார்கள் என்று எழுதி வைப்பவருக்குச் சம்பளம் இல்லை என்பது விநோதம்.

இரண்டாவது, எண்கள் வெளியானால் தங்களுக்குக் கெட்ட பெயர் வரும் என்ற அச்சம். இந்த அச்சம் அரசு மருத்துவமனைகளுக்கே அதிகம். உண்மை இதற்கு நேர்மாறானது. நிலை மோசமான நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் திருப்பி அனுப்ப, அவர்கள் இறுதியில் வந்து சேர்வது பெரிய அரசு மருத்துவமனைக்குத்தான். அங்கே இறப்பு விகிதம் உயர்வாக இருப்பதில் வியப்பில்லை. வந்தபோது நிலை என்ன என்று எழுதப்பட்டிருந்தால் மட்டுமே நேர்மையான ஒப்பீடு சாத்தியம். நுழைவாயிலில் எண்ணாமல் பிணவறையில் மட்டும் எண்ணுவது அரசு மருத்துவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

மூன்றாவது, சட்டச் சிக்கல். விபத்து வழக்குகளில் மருத்துவர் எழுதும் ஒவ்வொரு சொல்லும் நீதிமன்றத்துக்கும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போகிறது. மது அருந்தியிருந்தார் என்று எழுதினால் காப்பீட்டில் சிக்கல் வரலாம் என்பதால் குடும்பத்தார் மறைக்கிறார்கள்; மருத்துவரும் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார். தலைக்கவச விவரமும் இப்படியே மங்குகிறது. எனவே காவல்துறைக்கான சட்ட ஆவணம் வேறு, பொதுச் சுகாதாரத்துக்கான பதிவு வேறு என்று பிரித்து, பின்னதைத் தனிநபர் வழக்கில் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்று விதி செய்ய வேண்டும். பெயர் நீக்கப்பட்ட தரவே ஆய்வாளர்களுக்குப் போக வேண்டும். நினைவிழந்து கிடப்பவரால் ஒப்புதல் தர இயலாது. அதனால்தான் அவர் சார்பில் அரசு கூடுதல் பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு அடித்தளமாகலாம்.

நான்காவது, மாநில உரிமை. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தில்லியில் வகுக்கப்படும் படிவம் எதுவும் மாநிலங்களிடமிருந்து தகவலை உறிஞ்சிக்கொண்டு, திரும்ப எதையும் தராது என்ற ஐயத்துக்கு அனுபவம் காரணமாக இருக்கிறது. ஆகவே, மாநிலங்களோடு கலந்து பேசிக் குறைந்தபட்சக் கூறுகளை மட்டும் பொதுவாக்க வேண்டும். மேற்கொண்டு எதைச் சேர்ப்பது என்பதை அந்தந்த மாநிலம் முடிவு செய்யட்டும். தமிழ்நாடு போல ஏற்கெனவே பதிவு முறை வைத்திருக்கும் மாநிலங்களின் படிவத்தைத் தூக்கியெறியச் சொல்லாமல், அதிலிருந்து தேசியப் படிவத்துக்கு வழி அமைக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டமும் தன் எண்ணைத் தான் பார்க்க முடிய வேண்டும். தன் மாவட்டத்தில் தலைக்காய நோயாளி சி.டி. ஸ்கேன் அறையை அடைய ஐந்து மணி நேரமாகிறது என்று ஆட்சியர் அறிந்தால் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தை அவர் மாற்றுவார். அந்த எண் தில்லியில் மட்டும் இருந்தால் அது ஆய்வுக் கட்டுரையாகத்தான் முடியும்.

இவ்வளவு பெரிய நாட்டில் இது நடக்கக் கூடியதா என்று கேட்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. கணினிகள் அரிதாக இருந்த 1981-82ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களில் ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று, ஒரே வரையறையின்படி ஒவ்வொரு நோயாளியையும் எழுதினார்கள். சென்னையில் கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் பெருகி வருவதை நாம் ஊகத்தால் அறியவில்லை. அந்தப் பதிவேடுகளால் அறிந்தோம். காகிதத்தையும் பேனாவையும் கொண்டு அன்று முடிந்தது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இணைய இணைப்பு உண்டு என்று பெருமை பேசும் இன்றைக்கு ஏன் முடியாது?

வேறுபாடு ஒன்று உண்டு. புற்றுநோய் எல்லா வர்க்கத்தாரையும் தாக்குவதால் அதற்குக் குரல் கொடுக்கச் செல்வாக்குள்ளவர்கள் இருக்கிறார்கள். 2022இல் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். பெரும்பாலும் இளைஞர்கள், குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள். அவர்களுக்குச் சங்கமில்லை, நோயாளர் அமைப்பில்லை. பிழைத்தவர்களில் பலரால் தமக்கு நேர்ந்ததைச் சொல்லவும் முடியாது. அவர்கள் சார்பில் பேச வேண்டியது அவர்களைப் பற்றிய பதிவேடுதான்.

மத்திய சுகாதார அமைச்சகம் செய்ய வேண்டியவை மூன்று. ஒரு பக்கத்துக்கு மிகாத தேசியத் தலைக்காயப் படிவத்தை மாநிலங்களின் ஒப்புதலோடு அறிவிக்க வேண்டும். கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தில் தலைக்காயத்துக்கான தொகையை விடுவிக்க அப்படிவத்தை நிபந்தனையாக்கி, அதை நிரப்பும் ஊழியருக்கான செலவையும் ஏற்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மாவட்டவாரியாக முடிவுகளை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் விபத்துகளின் எண்ணிக்கையைக் கேட்பதோடு நின்றுவிடாமல், பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

இறந்தவர்களைக் கடைசி இலக்கம் வரை எண்ணும் நாடு, பிழைத்தவர்களையும் எண்ணட்டும். இன்றிரவும் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் ஓர் இளைஞர் தலையில் அடிபட்டுக் கிடப்பார். அவரைத் தூக்கிச் செல்லும் ஆம்புலன்ஸில் ரத்த அழுத்தத்தையும் நேரத்தையும் ஒருவர் குறித்து வைப்பாரேயானால், அது அவருக்கு மட்டுமன்றி, அவருக்குப் பின் வரும் ஆயிரம் பேருக்கும் செய்யும் சிகிச்சையாகும்.